தாய்லாந்து 60 நாள் முத்திரை ஜனவரி 18-இல் முடிகிறது. பாடாங் பெசார் போய் வந்தால் மறுபடி 60 கிடைக்குமா?

அந்தமான்கரை (9 டிசம்பர் 2025)

வணக்கம். கணவன் மனைவி இரண்டு பேர், இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். நவம்பர் 20 அன்று சென்னையிலிருந்து பாங்காக்கில் விமானத்தில் இறங்கினோம். விசா விலக்கில் 60 நாள் கொடுத்தார்கள். முத்திரையில் 2026 ஜனவரி 18 வரை என்று இருக்கிறது. இப்போது தங்கியிருப்பது கிராபியில், மாத வாடகை வீடு. ஊர் திரும்பும் டிக்கெட் மார்ச் 28, பாங்காக்–சென்னை, பணம் கட்டியாயிற்று.

நடுவில் விழும் பத்து வாரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்பதுதான் கேள்வி. ஹாட் யாயிலிருந்து ரயிலில் பாடாங் பெசார் போய், மலேசிய முத்திரை வாங்கி, அதே நாள் அடுத்த ரயிலில் திரும்பினால் புதிதாக 60 நாள் விழும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நவம்பரில் விசா ரன் (நாள் கூட்டுவதற்காகவே எல்லை தாண்டித் திரும்புவது) போகிறவர்களைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்ததையும் படித்தேன்.

தெரிய வேண்டியவை: அதே நாளில் போய் வருவது இப்போது சரிப்படுமா? 1,900 பாட் கட்டி நீட்டிப்பு வாங்குவது மேலா, எல்லை தாண்டுவது மேலா, இரண்டும் வேண்டுமென்றால் எது முதலில்? 2025 மார்ச்சில் ஒரு முறை மலேசியாவிலிருந்து சாலை வழியாக உள்ளே வந்து 20 நாள் இருந்தோம், அது கணக்கில் வருமா? கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

முத்திரைக்கணக்கு (9 டிசம்பர் 2025)

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். எல்லை தாண்டிப் போய் வருவதால் உங்கள் பழைய 60 நாள் "புதுப்பிக்கப்படுவது" இல்லை. வெளியே முத்திரை விழுந்த கணமே பழைய அனுமதி செத்துவிடும். திரும்ப வரும்போது கவுன்ட்டரில் இருப்பவர் உங்களைப் புதிதாக வந்தவராக வைத்து, உள்ளே விடலாமா என்று அப்போதுதான் முடிவு செய்கிறார். 60 நாள் என்பது அவர் கொடுத்தால் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சட்டப்படி எண்ணிக்கை இது. 2024 ஜூலை 15 முதல் இந்தியா உள்ளிட்ட 93 நாட்டினருக்கு 60 நாள் விசா விலக்கு. தரைவழியாக விசா விலக்கில் நுழைவது ஒரு காலண்டர் ஆண்டுக்கு 2 முறை. இந்த வரம்பு 2016 கடைசியிலிருந்து இருக்கிறது. ரயிலும் தரைவழிதான். காலண்டர் ஆண்டு என்றால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, உங்கள் முதல் நுழைவிலிருந்து 12 மாதம் அல்ல. ஆகவே 2025 மார்ச் நுழைவு 2025 கணக்கோடு போயிற்று. 2026-இல் நீங்கள் சுத்தமான சுழியத்தில் தொடங்குகிறீர்கள். ஆனால் கணினித் திரையில் அந்த நுழைவு தெரியும். வரம்பு கணக்குக்கு அது வராது, அதிகாரியின் பார்வைக்கு வரும். 20 நாள் இருந்து கிளம்பியது உங்களுக்குச் சாதகமான பதிவுதான்.

நவம்பர் அறிவிப்பின் சாரம்: தக்க காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் விசா ரன் அடித்தவர்களை நுழைவிடத்திலேயே மறுக்கலாம். மறுப்புக்கு அவர்கள் கைவைப்பது பெரும்பாலும் குடிவரவுச் சட்டம் 12ஆம் பிரிவு. அதில் "வாழ்வதற்குத் தகுந்த வழி இல்லை" என்ற காரணம் ஒன்று உண்டு. கையில் ரொக்கம் இல்லாதவர் மாட்டுவது இங்கேதான்.

உங்கள் நிலையில் நான் சொல்வது: முதலில் நீட்டிப்பு, பிறகு ஒரே ஒரு எல்லைப் பயணம், அதுவும் இரண்டு மூன்று இரவு தங்கி. தேதிகளைப் பாருங்கள்.

ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் கிடையாது. சனியும் கிடையாது. ஆக உங்கள் கடைசி வேலைநாள் ஜனவரி 16 வெள்ளி, அதையும் கடைசி நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் போய் எடுத்து வர நேரம் இருக்காது. ஜனவரி 5–9 வாரத்தில் போய்விடுங்கள். முன்னதாகப் போவதால் நாள் நஷ்டமாகாது, 30 நாள் பழைய முடிவுத் தேதியின் மறுநாளிலிருந்துதான் கூடும். அதாவது ஜனவரி 19-இல் தொடங்கி பிப்ரவரி 17 வரை.

எடுத்துப் போக வேண்டியது, தலைக்கு ஒரு கட்டு:

டிஎம் 7 படிவம், நிரப்பியது. 4×6 செ.மீ. புகைப்படம் 1. பாஸ்போர்ட் முகப்புப் பக்க நகல், கடைசி நுழைவு முத்திரைப் பக்க நகல், ஒவ்வொரு நகலிலும் உங்கள் கையெழுத்து. டிஜிட்டல் வருகை அட்டையின் அச்சுப் பிரதி. டிஎம் 30 ரசீது. 1,900 பாட் ரொக்கம்.

இதில் காலை வாருவது டிஎம் 30. வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டல்கள் தாமாகச் செய்துவிடும். மாத வாடகை வீட்டுக்காரர் பலர் செய்வதில்லை. நீங்கள் நீட்டிப்புக்குப் போய் நிற்கும்போதுதான் பதிவே இல்லை என்று தெரியவரும், அபராதம் வீட்டுக்காரருக்கு, அலைச்சல் உங்களுக்கு. இன்றைக்கே அவரிடம் ரசீது கேளுங்கள்.

நீட்டிப்பை மறுத்தால் 1,900 பாட் திரும்ப வராது. வழக்கமாகக் கிளம்புவதற்கு 7 நாள் எழுதித் தருவார்கள்.

பட்டர்வொர்த்காரன் (10 டிசம்பர் 2025)

மலேசியப் பக்கம் இருந்து எழுதுகிறேன். முத்திரைக்கணக்கு சொன்னதோடு இந்தப் பக்க நடைமுறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடப்பிதழுக்கு மலேசியாவில் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். உள்ளே வருமுன் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், வருகிற நாளுக்கு முந்திய 3 நாளுக்குள். கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். தாய்லாந்து அட்டைக்கும் இதே சட்டம்தான்: 2025 மே 1 முதல் கட்டாயம், 3 நாளுக்குள், இலவசம், ஒவ்வொரு நுழைவுக்கும் புதிது. நவம்பர் 20-க்கு நிரப்பியது பிப்ரவரிக்கு ஆகாது. பயண முறையில் "தரைவழி" என்று தேர்வு செய்ய மறக்காதீர்கள், விமானம் என்று விட்டுவிட்டால் கவுன்ட்டரில் மறுபடி நிரப்பச் சொல்வார்கள். வரும் கியூஆர் படத்தைக் கைப்பேசியில் சேமித்து, ஒரு தாளிலும் எடுத்து வையுங்கள். எல்லையில் தாய்லாந்து சிம் சிக்னல் இழுத்துக்கொண்டு நிற்கும்.

பாடாங் பெசார் நிலையத்தில் வசதி என்னவென்றால் தாய்லாந்து, மலேசியா இரண்டு நாட்டுக் கவுன்ட்டரும் ஒரே கட்டடத்தில், மலேசியப் பக்கம் இருக்கின்றன. ஹாட் யாயிலிருந்து வரும் சிறு ரயிலில் இறங்கி உள்ளே நடந்தால் முதலில் தாய்லாந்து வெளியேறும் முத்திரை, அடுத்து மலேசிய நுழைவு முத்திரை, பிறகு பை சோதனை. திரும்பும்போது இதன் தலைகீழ். மொத்தம் நான்கு முத்திரை. ஒவ்வொன்றும் விழுந்ததா என்று அந்தக் கவுன்ட்டரை விட்டு நகருமுன் பாருங்கள். சாலை வழியாகப் போகிறவர்கள்தான் இதில் தவறுவார்கள். சடாவ்–புக்கிட் காயு ஹீத்தாம் சாலைச் சாவடியில் வேன் ஒரு வளாகத்தைத் தாண்டி அடுத்ததில் நிற்கும், கூட்டத்தோடு நடந்து ஒரு கவுன்ட்டரை விட்டுவிடுவார்கள். மலேசிய நுழைவு முத்திரை இல்லாமல் மலேசியாவை விட்டு வெளியேற முயன்றால் அது சட்டப்படி குற்றம், விளக்கம் சொல்லித் தப்புகிற விஷயம் இல்லை.

நேரக் குழப்பம் இன்னொன்று. மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. பாடாங் பெசார் நிலையத்தில் கேடிஎம் (மலேசிய ரயில்வே) அட்டவணை மலேசிய நேரம், ஹாட் யாய் சிறு ரயிலின் அட்டவணை தாய்லாந்து நேரம். இரண்டும் ஒரே கூரையின் கீழ். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ அந்த நேரம் காட்டும். சிறு ரயில் ஒரு நாளைக்கு இரண்டே முறை, காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. விட்டால் பாடாங் பெசார் சாலைச் சாவடிக்குப் போக வேண்டும். அது மலேசிய நேரம் இரவு 10-க்கு, அதாவது தாய்லாந்து நேரம் 9-க்கு மூடும். சடாவ் பக்கம் தாய்லாந்து நேரம் இரவு 11 வரை உண்டு.

அதே நாள் திரும்புவதைப் பற்றி: செய்யாதீர்கள். காலை ரயில் பாடாங் பெசாரில் கொஞ்ச நேரம்தான் நின்று திரும்புகிறது. அதற்குள் நான்கு முத்திரை வாங்கி ஓடினால் உங்கள் கடப்பிதழில் ஒரே தேதி நான்கு முறை இருக்கும். மலேசிய அதிகாரியும் கேட்பார், தாய்லாந்து அதிகாரியும் கேட்பார். "சுற்றுலா வந்தேன்" என்று இரண்டு பேரிடமும் சொல்ல முடியாது.

இப்போது உங்களுக்கு நல்ல செய்தி. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அதைப் பார்க்கவே வாருங்கள். ஜனவரி 29 வியாழன் பாடாங் பெசார் வந்து, அங்கிருந்து கேடிஎம் கொமூட்டரில் பட்டர்வொர்த், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறை, படகில் ஜார்ஜ் டவுன். பிப்ரவரி 3 செவ்வாய் திரும்புங்கள். அறையை இப்போதே பதிவு செய்யுங்கள், அந்த வாரம் தீவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

பிப்ரவரி 17 வரை நீட்டிப்பு இருக்கிறதே, அன்று தாண்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2026 சீனப் புத்தாண்டு சரியாக பிப்ரவரி 17. மலேசியாவில் பாதி ஊர் ஹாட் யாய்க்குக் கிளம்பும். சடாவ், பாடாங் பெசார் இரண்டிலும் வரிசை மணிக்கணக்கில் நிற்கும், களைத்துப்போன அதிகாரியிடம் நீண்ட விளக்கம் சொல்ல நேரிட்டால் அது உங்களுக்கு நல்லதில்லை.

முத்திரைக்கணக்கு (10 டிசம்பர் 2025)

தைப்பூச யோசனை அருமை. கணக்கும் உட்காருகிறது: பிப்ரவரி 3 நுழைந்தால், நுழைந்த நாளே முதல் நாள் என்பதால், 60ஆம் நாள் ஏப்ரல் 3. மார்ச் 28 டிக்கெட் அதற்குள் வருகிறது. நீட்டிப்பில் மிச்சமிருக்கும் 14 நாள் வீணாகும், போகட்டும்.

நெடுந்தூரம் (11 டிசம்பர் 2025)

நீட்டிப்பு முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நீட்டிப்பு வாங்கிவிட்டு எல்லைக்குப் போனால் அதிகாரி பார்ப்பது: 70 நாளுக்கு மேல் இருந்தவர், நீட்டிப்பும் வாங்கியவர், ஐந்து நாள் வெளியே போய் மறுபடி 60 கேட்கிறார். அதையே ஜனவரி 12 வாக்கில் போய் 16-ஆம் தேதி திரும்பினால் அவர் பார்ப்பது சாதாரண இரண்டு மாத விடுமுறை. ஜனவரி 16 முதல் 60 நாள் என்றால் மார்ச் 16. பிறகு உள்ளூர் இமிகிரேஷனில் 30 நாள் நீட்டித்தால் ஏப்ரல் 15 வரை. எல்லையில் கேள்வி குறையும்.

முத்திரைக்கணக்கு (11 டிசம்பர் 2025)

நெடுந்தூரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சென்ற ஆண்டு கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது மாற்றிச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நவம்பருக்குப் பிறகு நீட்டிப்பு கேட்பவர்களின் முந்திய நுழைவுகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லை தாண்டி வந்து அதன் மேல் நீட்டிப்பு கேட்டால் அந்த 30 நாளுக்குத்தான் கேள்வி விழும். விமானத்தில் வந்து, முதல் முறையாக நீட்டிப்பு கேட்பவருக்கு இன்றைக்கும் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு, உங்கள் வழியில் இரண்டாவது படி மறுக்கப்பட்டால் மார்ச் 16-க்கு மேல் 7 நாள்தான், மார்ச் 23. டிக்கெட் 28. ஐந்து நாள் தொங்கலில் நிற்கும். நீட்டிப்பு முதலில் என்றால் அந்தமான்கரை பிப்ரவரி 17 வரை கையிருப்பில் வைத்துக்கொண்டு எல்லைக்குப் போகிறார். அதற்கு மேல் அவரிடம் மார்ச் 28 டிக்கெட் இருக்கிறது. வாழ வந்தவர் அல்ல, ஊர் திரும்புகிறவர் என்பதற்கு அதைவிட நல்ல தாள் கிடையாது.

ஒரு எச்சரிக்கை, பலர் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள். இமிகிரேஷன் அலுவலகத்தில் நீட்டிப்பு வாங்கும்போது பக்கத்திலேயே மறுநுழைவு அனுமதி என்று டிஎம் 8 படிவம் இருக்கும், ஒரு முறைக்கு 1,000 பாட். "மலேசியா போகப்போகிறேன்" என்றால் அதை வாங்கச் சொல்வார்கள். அது பழைய அனுமதியை உயிரோடு காப்பதற்கு. அதை வைத்து உள்ளே வந்தால் பிப்ரவரி 17 என்ற பழைய தேதிதான் முத்திரையில் விழும், புதிய 60 நாள் வராது. உங்களுக்கு அது வேண்டாம்.

பண விஷயம்: தலைக்கு 20,000 பாட், இரண்டு பேருக்கு 40,000, ரொக்கமாக. டாலர், ரிங்கிட் எதுவானாலும் அந்த மதிப்புக்கு இருந்தால் சரி. வங்கிச் செயலியில் இருப்பைக் காட்டுவதை ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். பணத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கவுன்ட்டரில் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் பையில் 40,000, இன்னொருவர் கையில் வெறும் பர்ஸ் என்றால் அவருக்குத் தனியாக விளக்கம் சொல்ல நேரும். எல்லையில் பாஸ்போர்ட்டுக்குள் நோட்டு வைக்கச் சொல்லும் இடைத்தரகர்களிடம் பேச்சே வேண்டாம்.

அந்தமான்கரை (11 டிசம்பர் 2025)

மிக்க நன்றி. நீட்டிப்பு ஜனவரி 6, பிறகு தைப்பூசம் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டுக்காரரிடம் டிஎம் 30 கேட்டதில் அவர் பதிவே செய்யவில்லை, நாளைக்குச் செய்கிறேன் என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். தாய்லாந்து கவுன்ட்டரில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? பினாங்கு போகும்போது கிராபி வீட்டில் சாமான்களை விட்டுப் போகலாமா?

பட்டர்வொர்த்காரன் (12 டிசம்பர் 2025)

திருப்பிவிட்டால் மலேசியப் பக்கம் திரும்ப வேண்டும். மலேசியக் கவுன்ட்டரில் வெளியேறும் முத்திரையை ரத்து செய்து தரச் சொல்லுங்கள், மறுப்புத் தாளைக் காட்டினால் விவரம் புரிந்துகொள்வார்கள். ஜனவரி 29-இல் கிடைத்த 30 நாளில் மிச்சம் உங்களுக்கு இருக்கும், அதனால் நடுத்தெருவில் நிற்கும் நிலை இல்லை. அதற்காகத்தான் மலேசிய நாட்களைக் கடைசி வரை தின்றுவிடக் கூடாது என்று சொல்வது. அங்கிருந்து கோலாலம்பூர் போனால் சென்னைக்கும் திருச்சிக்கும் நேர் விமானம் உண்டு. அன்றே வேறு சாவடியில் போய் முயன்று பார்க்க வேண்டாம். மறுப்பு கணினியில் ஏறிவிடும், சடாவில் இருப்பவரும் அதையே பார்ப்பார்.

சாமான்: துணிமணி, பாத்திரம் இருக்கட்டும். மருந்து, மடிக்கணினி, நகை, சான்றிதழ்கள், வங்கி அட்டைகள் இவற்றை விட்டு வராதீர்கள். ஆனால் நான்கு பெட்டியோடும் வராதீர்கள், ஐந்து நாள் பயணத்துக்கு நான்கு பெட்டி ஏன் என்று பை சோதனையில் கேட்பார்கள். ஒரு முதுகுப்பை, ஒரு சிறு பெட்டி போதும். மலேசியக் கவுன்ட்டருக்கு பினாங்கு அறைப் பதிவும் மார்ச் 28 பாங்காக்–சென்னை டிக்கெட்டும். தாய்லாந்து கவுன்ட்டருக்கு அதே டிக்கெட்டும் கிராபி முகவரியும்.

மீகாங் (12 டிசம்பர் 2025)

இந்த இழையைப் பிறகு படிக்க வருகிறவர்களுக்காக மற்ற எல்லைகளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பதிவுகளை நம்பிக் கிளம்புகிறவர்கள் அதிகம்.

கம்போடியா: அரண்யபிரதேத்–பொய்பெட் ஒரு காலத்தில் விசா ரன்னுக்குப் பேர்போனது. ஜூலை 2025 சண்டைக்குப் பிறகு தரைச் சாவடிகள் பயணிகளுக்கு மூடியே கிடக்கின்றன. மியன்மார்: மே சாய், மே சோட் பக்கம் பழைய ஒருநாள் அனுமதிச் சீட்டை நம்பிப் போக வேண்டாம். சுங்கை கோலோக், பெத்தோங் இரண்டும் மலேசிய எல்லைதான், ஆனால் நராத்திவாட், யாலா மாகாணங்களில் இருக்கின்றன. 2004 முதல் கலவரப் பகுதி. பல பயணக் காப்பீடுகள் அந்த மாகாணங்களை விலக்கி வைத்திருக்கும், பாலிசியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வடக்கில் இருப்பவர்களுக்கு லாவோஸ் நல்ல வழி. நொங் காய்–வியந்தியன் நட்புப் பாலம், 1994-இல் திறந்தது. நடந்து தாண்ட விடமாட்டார்கள், பாலத்துக்கென்று ஓடும் பேருந்தில் ஏற வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு லாவோஸ் விசா கட்டாயம், பாலத்திலேயே வாங்கலாம், முன்னதாக இணையத்திலும் வாங்கலாம். டாலராகக் கொடுங்கள், பாட் கொடுத்தால் மாற்று விகிதத்தில் அடிபடும். புகைப்படம் ஒன்று வேண்டும். அந்த விசா ஒட்டு ஒரு முழுப் பக்கத்தைத் தின்னும், அதற்கு மேல் முத்திரைகளுக்கும் இடம் வேண்டும். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு இல்லையென்றால் லாவோஸ் பக்கம் போகாதீர்கள், மலேசியா போங்கள், முத்திரை மட்டும்தான்.

ஆண்டுக்கு நான்கைந்து மாதம் தாய்லாந்தில் இருக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தவர்கள் இந்த எல்லைப் பயணத்தையே நம்பியிருப்பது தப்பு. இணைய விசா முறையில் ஊரிலிருந்தே சுற்றுலா விசா எடுத்தால் 60 நாள், அதன் மேல் 30 நீட்டிப்பு. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு டிடிவி விசா இருக்கிறது: கட்டணம் 10,000 பாட், 5 ஆண்டு செல்லும், ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும், தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விசா விலக்கில் வந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பது அந்த அனுமதிக்கு உரியதல்ல. கவுன்ட்டரில் "இவ்வளவு நாள் என்ன செய்கிறீர்கள்" என்று கேட்பது அதைத் தெரிந்துகொள்ளத்தான்.

பனங்கூடல் (13 டிசம்பர் 2025)

இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இதே வழி சரிவருமோ? தாய்லாந்து 60 நாள் எங்களுக்கும் இருக்கு.

முத்திரைக்கணக்கு (13 டிசம்பர் 2025)

தாய்லாந்துப் பக்கம் எல்லாம் ஒன்றுதான்: 60 நாள், 1,900 பாட் நீட்டிப்பு, தரைவழி 2 முறை. மாறுவது மலேசியா. இலங்கையருக்கு மலேசியாவில் விசா விலக்கு இல்லை, முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். எடுக்கும்போது அது தரைச் சாவடியில் செல்லுபடியாகுமா என்று விசாத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். இல்லாமல் பாடாங் பெசாருக்குப் போனால் நிலை மோசம்: தாய்லாந்து வெளியேறும் முத்திரையை முதல் கவுன்ட்டரில் குத்திவிடுவார்கள், அடுத்த கவுன்ட்டரில் மலேசியா விடாது. உங்கள் தாய்லாந்து அனுமதி அதோடு முடிந்திருக்கும். முதல் கவுன்ட்டருக்குப் போகுமுன் இரண்டாவது கவுன்ட்டர் உங்களை ஏற்கும் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தமான்கரை (7 ஜனவரி 2026)

நீட்டிப்பு கிடைத்துவிட்டது, இருவருக்கும் பிப்ரவரி 17 வரை. டிஎம் 30 ரசீதைத்தான் முதலில் கேட்டார்கள். மறுநுழைவு அனுமதி வேண்டுமா என்றும் கேட்டார்கள், வேண்டாம் என்றோம். ஒரு கடைசிக் கேள்வி: பிப்ரவரி 3 அன்று 60-க்குப் பதில் 30 நாள் என்று முத்திரை குத்திவிட்டால் பிறகு திருத்த முடியுமா? திரும்பி வந்ததும் டிஎம் 30 மறுபடி வேண்டுமா?

முத்திரைக்கணக்கு (7 ஜனவரி 2026)

முத்திரைத் தேதியைக் கவுன்ட்டரை விட்டு நகருமுன் படியுங்கள். ஏப்ரல் 3 என்று இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்பு 15 நாள் வருகை விசா, பிறகு 30 நாள் விலக்கு என்று இருந்ததால் கை பழக்கத்தில் பழைய கணக்கைக் குத்துவது நடக்கும். அந்த இடத்திலேயே பணிவாகச் சுட்டிக்காட்டினால் அப்போதே திருத்தி முத்திரை போடுவார்கள். கிராபி வந்து சேர்ந்த பிறகு தெரிந்தால் குத்திய சாவடிக்கே திரும்பப் போகச் சொல்வார்கள். தெரியாமலே விட்டால் அதிக நாளுக்கு நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. பணத்தைவிடப் பெரிய இழப்பு பாஸ்போர்ட்டில் ஏறும் குறிப்பு. 90 நாளைத் தாண்டிவிட்டால், தானாக வந்து சரணடைந்தாலும் ஓராண்டுத் தடை.

டிஎம் 30 மறுபடி வேண்டும், புதிய நுழைவு என்பதால். ஹாட் யாயில் இறங்கியதும் புதிய முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், 24 மணி நேரம் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஓடும்.

ரயிலையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் இறுதி வெள்ளத்தில் ஹாட் யாய் மூழ்கியபோது அந்தப் பாதையும் நின்றது. சிறு ரயில் ஓடுகிறதா என்று ஜனவரி 28 அன்று ஹாட் யாய் நிலையத்தில் நேரில் கேட்டுவிட்டு, ஓடவில்லையென்றால் மினி வேனில் பாடாங் பெசார் சாலைச் சாவடிக்குப் போங்கள். அப்படிப் போனால் இரண்டு நாட்டுக் கவுன்ட்டரும் தனித்தனிக் கட்டடம். வேன் ஓட்டுநரிடம் முதல் கட்டடத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்காரன் (8 ஜனவரி 2026)

தைப்பூசத்துக்கு முந்திய நாள் ஜனவரி 31 சனிக்கிழமை, வெள்ளியாலான ரதம் கிளம்பும்போதே ஜார்ஜ் டவுனில் பல சாலைகளை மூடுவார்கள். அறை ஊருக்குள் என்றால் 30-ஆம் தேதிக்குள் படகு ஏறி வந்துவிடுங்கள். திரும்புகிற 3-ஆம் தேதி காலை முதல் கொமூட்டரைப் பிடியுங்கள். பாடாங் பெசாரில் மதிய ரயிலுக்கு முன் இரண்டு மணி நேரம் கையிருப்பு இருக்கட்டும்.